பதினெட்டு வெற்றிக்குப் பின் ஒரு தோல்வி: 2007 பேட்ரியாட்ஸ் சீசன்

2008 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை. அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில், அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் 42ஆவது முறையாக நடந்து முடிந்தபோது நியூயார்க் ஜயன்ட்ஸ் 17 புள்ளிகளும் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 14 புள்ளிகளும் எடுத்திருந்தன. அன்று காலை வரை பேட்ரியாட்ஸ் அந்த சீசனில் ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. லீக்கில் 16, அதையடுத்துத் தோற்றவர் வெளியேறும் பிளே-ஆஃபில் 2, ஆக 18 வெற்றிகள். இறுதியாட்டத்தையும் 12 புள்ளி வித்தியாசத்தில் வெல்வார்கள் என்பதே பந்தயக்காரர்களின் கணிப்பாக இருந்தது. 19-0 என்ற எண்ணுக்கு வணிகக்குறி உரிமை கேட்டு முன்கூட்டியே விண்ணப்பித்தும் இருந்தார்கள்.

இந்தத் தோல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வருகிறது. ஜயன்ட்ஸ் வீரர் டேவிட் டைரி அந்தரத்தில் எழும்பி, பந்தைத் தன் ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரே கையால் அழுத்திப் பிடித்தபடி கீழே விழுந்த காட்சி. அதிர்ஷ்டம் கைகொடுத்தது, அவ்வளவுதான் என்று முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் வாரத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கையும் வரிசையாக எழுதி வைத்துப் பாருங்கள். அந்த அணியை எந்த இடத்தில் அடித்தால் விழும் என்பது நவம்பர் மாதத்திலிருந்தே மெல்ல மெல்லத் தெரியத் தொடங்குகிறது. பிப்ரவரியில் ஓர் அணி அந்த இடத்தில் சரியாக அடித்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். நான்கு டவுனுக்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைக்கு 1. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அவரைக் காக்கவென்றே ஐந்து கனத்த உடம்புக்காரர்கள் முன்னால் வேலிபோல் நிற்பார்கள். அந்த வேலி எதிராளிகளை எவ்வளவு நேரம் தடுத்து நிறுத்துகிறது என்பதில்தான் இந்த விளையாட்டின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பெரும்பாலும் அது இரண்டரை, மூன்று விநாடிக் கணக்கு.

பேட்ரியாட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி. 2001, 2003, 2004 சீசன்களில் கோப்பை வென்றவர். 2006 சீசனிலோ, சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான மாநாட்டு (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக 21-3 என்று முன்னிலையில் இருந்தும் 38-34 என்று தோற்றார்கள். பிரேடிக்குப் பந்து பிடிக்கச் சரியான ஆள் இல்லை என்பது அந்தத் தோல்வியில் வெட்டவெளிச்சமானது. அடுத்த சில மாதங்களில் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அந்தக் குறையை அடியோடு களைந்தார். மயாமியிலிருந்து வெஸ் வெல்கர் வந்தார். குட்டையானவர், குறுகிய தூரத்தில் சட்டென்று வெட்டித் திரும்பிப் பந்து வாங்குவதில் கெட்டிக்காரர். அந்த ஆண்டு 112 பந்துகள் பிடித்தார். டான்டே ஸ்டால்வொர்த் வந்தார். எல்லாரையும்விடப் பெரிய வரவு ராண்டி மாஸ். ஓக்லாந்தில் இரண்டு ஆண்டுகள் சோர்ந்து கிடந்த அவரை, புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏலத்தைப் போன்ற வருடாந்திரத் தேர்வில் நான்காவது சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றை மட்டும் கொடுத்து வாங்கிவிட்டார்கள். உயரமும் வேகமும் ஒருங்கே அமைந்த அப்படியொரு வீரர் அந்த விலைக்குக் கிடைத்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 9, முதல் ஆட்டம். நியூயார்க் ஜெட்ஸை 38-14 என்று வென்றார்கள். அன்றைக்கே ஒரு களங்கமும் ஒட்டிக்கொண்டது. ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் கைச்சைகைகளை மைதான ஓரத்திலிருந்து படம்பிடித்த பேட்ரியாட்ஸ் ஊழியரின் கேமரா பறிமுதல் செய்யப்பட்டது. லீக் ஆணையர் ராஜர் குடெல் பெலிச்சிக்கிற்கு 5 லட்சம் டாலரும் அணிக்கு 2.5 லட்சம் டாலரும் அபராதம் விதித்து, அடுத்த ஆண்டுக்கான முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் பறித்தார். வென்றதெல்லாம் திருட்டுத்தனத்தால்தானா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதற்குப் பின் அந்த அணி ஆடியதில் ஒரு வெறி தெரிந்தது. வாஷிங்டனுக்கு எதிராக 38-0 என்று இருந்தபோதுகூட, நான்காவது டவுனில் எளிதாக 3 புள்ளி எடுக்க வாய்ப்பிருந்தும் டச்டவுனுக்கே போனார்கள். ஆட்டம் 52-7இல் முடிந்தது.

முதல் எட்டு ஆட்டங்களில் அவர்கள் எடுத்த புள்ளிகள்: 38, 38, 38, 34, 34, 48, 49, 52. கூட்டினால் 331, ஆட்டத்துக்கு 41க்கும் மேல். சராசரி வெற்றி வித்தியாசம் 25.5. ஒரு வெற்றிகூட 17 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தில் வரவில்லை.

அடுத்த எட்டு ஆட்டங்களைப் பாருங்கள்: 24, 56, 31, 27, 34, 20, 28, 38. கூட்டுத்தொகை 258, சராசரி 32 சொச்சம். வித்தியாசம் 14க்கும் கீழே இறங்கிவிட்டது. அதிலும் பஃபலோவை 56-10 என்று நொறுக்கிய ஓர் ஆட்டம்தான் சராசரியைத் தூக்கிப் பிடிக்கிறது. எட்டில் நான்கு ஆட்டங்களை நான்கு புள்ளிக்குள்தான் வென்றார்கள். அதே வீரர்கள், அதே பயிற்சியாளர். மொத்தம் 589 புள்ளிகள் என்ற சாதனைக்குள் இப்படி ஒரு சரிவு ஒளிந்திருந்தது. 16-0 என்ற எண்ணின் பளபளப்பில் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

நவம்பர் 4இல் கோல்ட்ஸுடன் ஆட்டம். அதுவரை இரண்டு அணிகளுமே தோற்றிருக்கவில்லை. கடைசிக் கால்பகுதியில் 20-10 என்று பின்தங்கிப் பிறகு 24-20 என்று வென்றார்கள். வலிமையான எதிரி, அவர்களுடைய மண், அதை விட்டுவிடலாம். என் கண்ணில் படும் ஆட்டம் நவம்பர் 25இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுடன் நடந்தது. ஈகிள்ஸின் முதன்மைக் குவாட்டர்பேக் டோனவன் மெக்நாப் காயத்தால் ஆடவில்லை. மாற்று ஆளாக வந்த ஏ.ஜே. ஃபீலியை வைத்துக்கொண்டே அந்த அணி பேட்ரியாட்ஸைக் கடைசி நிமிடங்கள் வரை இழுத்தடித்து, 31-28 என்றுதான் தோற்றது. ஈகிள்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் ஜிம் ஜான்சன். எதிர்பாராத திசைகளிலிருந்து ஆட்களை அனுப்பிக் குவாட்டர்பேக்கை நிலைகுலைய வைப்பதில் அவருக்கு நிகர் அன்று யாருமில்லை. அவரிடம் 1999 முதல் 2006 வரை எட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் ஸ்டீவ் ஸ்பக்னுவோலோ. 2007இன் தொடக்கத்தில் அவரைத் தற்காப்புப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்ட அணி நியூயார்க் ஜயன்ட்ஸ்.

எட்டு நாள் கழித்து, டிசம்பர் 3இல் பால்டிமோர். ரேவன்ஸ் அப்போது 4 வெற்றி, 7 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த அணி. அவர்கள் 24-20 என்று முன்னிலையில் இருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவைப்பட்டபோது பேட்ரியாட்ஸைத் தடுத்தே விட்டார்கள். ஆனால் பந்து கிளம்புவதற்கு ஒரு கணம் முன்பு ரேவன்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் ரெக்ஸ் ரயன் டைம்-அவுட் கேட்டிருந்தார். அந்தத் தடுப்பு செல்லாமல் போயிற்று. மறுபடி கிடைத்த வாய்ப்பில் பிரேடி தானே ஓடி யார்டுகளை எடுத்தார். 44 விநாடி மீதமிருக்கையில் டச்டவுன், 27-24. கடைசிப் பந்தை ரேவன்ஸ் வீரர் எல்லைக்கு மூன்று யார்டு முன்னால் பிடித்து அங்கேயே மடக்கப்பட்டார். அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பேட்ரியாட்ஸின் தோல்வி டிசம்பரிலேயே வந்திருக்க வேண்டியது.

இனி ஜயன்ட்ஸ். இந்த ஆய்வின் மறுபாதி அவர்கள்தான். முதல் இரண்டு ஆட்டங்களில் டல்லஸிடம் 45, கிரீன் பேயிடம் 35 என்று 80 புள்ளிகளை அள்ளிக்கொடுத்துத் தோற்றார்கள். பயிற்சியாளர் டாம் காஃப்லினின் வேலை போகப்போகிறது என்ற பேச்சு முந்தைய ஆண்டிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஸ்பக்னுவோலோவின் முறை வீரர்களுக்குப் பிடிபட்டது. நான்காவதில், அவருடைய குருநாதரின் அணியான அதே ஈகிள்ஸின் குவாட்டர்பேக்கை 12 முறை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். ஓசி உமென்யோரா மட்டும் ஆறு முறை. சீசன் முழுக்க 53 முறை. லீக்கிலேயே அதுதான் அதிகம். மைக்கேல் ஸ்ட்ரஹான், உமென்யோரா, ஜஸ்டின் டக் என்று வேலியை உடைக்கவே பிறந்தவர்கள் மூவர் ஒரே அணியில் சேர்ந்திருந்தார்கள். இதே அணி நவம்பரில் மினசோட்டாவிடம் 41-17 என்று சிதறிப்போனதையும் சொல்லியாக வேண்டும். குவாட்டர்பேக் ஈலை மேனிங் அன்று நான்கு பந்துகளை எதிரணியின் கையில் கொடுத்தார். இவர்களைச் சாம்பியன்களாக அப்போது யாரும் எண்ணியிருக்க முடியாது.

டிசம்பர் 29, லீக்கின் கடைசி ஆட்டம். 15-0 என்று வந்த பேட்ரியாட்ஸும் 10-5 என்று இருந்த ஜயன்ட்ஸும் நியூஜெர்சியில் மோதினார்கள். ஜயன்ட்ஸுக்கு இந்த ஆட்டத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பிளே-ஆஃபில் அவர்களுடைய இடம் உறுதியாகிவிட்டது. வென்றாலும் தோற்றாலும் அது மாறாது. இப்படிப்பட்ட வேளையில் முக்கிய வீரர்களைக் காயம்படாமல் உட்காரவைப்பதே வழக்கம். அடுத்த வாரம் ஜயன்ட்ஸைச் சந்திக்கவிருந்த டாம்பா பே அணி அதைத்தான் செய்தது. காஃப்லின் செய்யவில்லை. முழு அணியையும் இறக்கினார். விலையும் கொடுத்தார்: ஷான் ஓஹாரா, சாம் மேடிசன், கவிகா மிட்செல் மூவரும் அடிபட்டு வெளியேறினார்கள்.

மூன்றாவது கால்பகுதியில் ஜயன்ட்ஸ் 28-16 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிக் கால்பகுதியில் ஒரு கட்டம். பிரேடி வலது ஓரமாக மாஸுக்கு நெடுந்தூரப் பந்து ஒன்றை எறிகிறார். ஆளே இல்லாத இடத்தில் மாஸ் நிற்கிறார். பந்து கொஞ்சம் குட்டையாக வருகிறது. குனிந்து வாங்கப் பார்த்தும் கைநழுவிவிடுகிறது. அடுத்த முயற்சியிலும் அதே ஓட்டம், அதே எறிதல். இந்த முறை பந்து மாஸின் ஓட்டத்திலேயே வந்து கையில் அமர்ந்தது. 65 யார்டு டச்டவுன். பிரேடிக்கு அந்த சீசனில் 50ஆவது, மாஸுக்கு 23ஆவது. ஒரே பந்தில் இரண்டு சாதனைகள். 38-35 என்று பேட்ரியாட்ஸ் வென்று, 16 ஆட்ட லீக்கைத் தோல்வியின்றி முடித்த முதல் அணி ஆனது. 1972இல் மயாமி டால்ஃபின்ஸ் தோற்காமல் கோப்பை வென்றபோது லீக் ஆட்டங்கள் 14தான்.

தோற்ற ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டு போனது என்ன? உலகமே அஞ்சிய அணிக்கு எதிராக 35 புள்ளிகள். ஈலை மேனிங்குக்கு நான்கு டச்டவுன். நினைத்த அளவு பிரேடியை நெருங்க முடியவில்லை என்ற பாடமும், எந்த இடத்தில் முடியாமல் போனது என்ற படப்பதிவும்கூட. காஃப்லின் அந்த இரவில் எடுத்த முடிவுதான் இந்த சீசன் முழுவதிலும் ஆகச்சிறந்த முடிவு என்று நான் கருதுகிறேன். எதுவும் பணயத்தில் இல்லாத ஆட்டத்தை உயிரைக் கொடுத்து ஆடிய அணி, ஐந்து வாரம் கழித்து அதே எதிரியைக் கண்டு மலைக்கவில்லை.

பிளே-ஆஃபில் ஜயன்ட்ஸ் மூன்று வெளியூர்களில் வென்றது: டாம்பாவில் 24-14, டல்லஸில் 21-17, கிரீன் பேயில் கூடுதல் நேரத்தில் 23-20. கடைசி ஆட்டத்தின்போது வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ்.

பேட்ரியாட்ஸின் இரண்டு பிளே-ஆஃப் ஆட்டங்கள்தான் என் வாதத்துக்கு உரைகல். முதலில் ஜாக்சன்வில். மாஸை ஆட்கள் சூழ்ந்து கட்டிப்போட்டார்கள். அவர் பிடித்தது ஒரே ஒரு பந்து. ஆனால் பிரேடிமேல் நெருக்கடி இல்லை. நிதானமாக நின்று எறிந்த 28 பந்துகளில் 26 இலக்கைச் சேர்ந்தன. 31-20. ஆக, மாஸை மறித்தால் மட்டும் போதாது. பிரேடிக்கு நேரம் இருந்தால் வேறு யாரையாவது கண்டுபிடித்துவிடுவார். அடுத்து சான் டியாகோ. மாஸுக்கு மறுபடியும் ஒரே ஒரு பந்து. இம்முறை பிரேடி மூன்று பந்துகளை எதிரணியிடம் இழந்தார். அந்த அணியின் குவாட்டர்பேக் ஃபிலிப் ரிவர்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடினார். அவர்களால் நான்கு ஃபீல்டு கோல்களுக்கு மேல் எடுக்க முடியாததால் பேட்ரியாட்ஸ் 21-12 என்று தப்பித்தது. கடைசி மூன்று ஆட்டங்களின் புள்ளிகளை வரிசைப்படுத்துங்கள்: 38, 31, 21. நான்காவது எண் 14.

சூப்பர் பவுலுக்குச் சில நாள் முன்பு ஜயன்ட்ஸின் ப்ளாக்ஸிகோ பர்ரஸ் 23-17 என்று தாங்கள் வெல்வோம் என்றார். இதைக் கேட்ட பிரேடி, நாங்கள் 17 புள்ளிதான் எடுப்போமா என்று சிரித்தார். அவர் சிரித்ததில் வியப்பில்லை. அந்த சீசனில் 20க்குக் குறைவாக அவர்கள் எடுத்ததே இல்லை. பர்ரஸ் சொன்ன 17ஐக்கூட அவர்களால் எட்ட முடியாமல் போனது.

முதலில் பந்து வாங்கிய ஜயன்ட்ஸ் 9 நிமிடம் 59 விநாடி அதை விடவே இல்லை. சூப்பர் பவுல் வரலாற்றிலேயே நீளமான முன்னேற்றம் அது. கிடைத்தது 3 புள்ளிதான். ஆனால் அவ்வளவு நேரமும் பிரேடி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் களத்துக்கு வந்தபின் ஸ்பக்னுவோலோ செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். பக்கவாட்டில் ஆடிப் பழகிய டக்கை நடுவில் கொண்டுவந்து, கனமான, ஆனால் வேகம் குறைந்த உள்வரிசைக் காவலர்களுக்கு எதிரே நிறுத்தினார். வேலியின் ஓரம் உடைந்தால் குவாட்டர்பேக் முன்னால் அடியெடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். நடு உடைந்தால் தப்ப வழியில்லை. பேட்ரியாட்ஸின் வலது உள்காவலர் ஸ்டீபன் நீல் முதல் பாதியிலேயே காயத்தால் வெளியேறியது அந்த நடுவை மேலும் பலவீனமாக்கியது. பெரும்பாலும் நான்கு பேர் மட்டுமே பாய்ந்தார்கள். ஏழு பேர் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்களைக் காத்தார்கள். ஈகிள்ஸ், ரேவன்ஸ், ஜாக்சன்வில், சான் டியாகோ ஆகிய அணிகள் ஆளுக்குப் பாதியாகச் செய்ததை ஜயன்ட்ஸ் முழுதாகச் செய்தது. லீக்கின் 16 ஆட்டங்களில் 21 முறை மட்டுமே வீழ்த்தப்பட்ட பிரேடி அன்று ஒரே இரவில் ஐந்து முறை வீழ்ந்தார். டக் இரண்டு முறை. அதில் ஒன்றில், முதல் பாதி முடியப்போகும் நேரத்தில், பந்தும் கையைவிட்டுப் போனது.

பெலிச்சிக்கின் ஒரு முடிவை இங்கே விசாரித்தாக வேண்டும். மூன்றாவது கால்பகுதியில், 7-3 என்று முன்னிலையில் இருக்கையில், ஜயன்ட்ஸின் 31 யார்டு கோட்டில் நான்காவது டவுன், 13 யார்டு தேவை. ஏறத்தாழ 49 யார்டு ஃபீல்டு கோலுக்கு முயன்றிருக்கலாம். அவர் உதைக்க அனுப்பவில்லை. பிரேடியை எறியச் சொன்னார். பந்து யார் கைக்கும் எட்டவில்லை. அக்டோபரில் இருந்த நம்பிக்கையைப் பிப்ரவரிக்கும் நீட்டித்த முடிவு அது. அப்போது வேலி தளர்ந்துவிட்டது என்பது கண்ணெதிரே தெரிந்துகொண்டிருந்தது. ஆட்டம் மூன்று புள்ளியில் போனது என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

கடைசிக் கால்பகுதியில் டைரியின் டச்டவுனால் ஜயன்ட்ஸ் 10-7. பேட்ரியாட்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. பிரேடி பந்தை வாங்கியதும் சட்சட்டென்று வெல்கருக்கும் கெவின் ஃபாக்குக்கும் எறிந்து 80 யார்டு போனார். மாஸுக்கு 6 யார்டு டச்டவுன், 14-10, மீதம் 2 நிமிடம் 42 விநாடி. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்காதபோது அவர் இன்னமும் பழைய பிரேடிதான் என்பதற்கு இதுவே சான்று. இதே முறையை முன்னதாகவே கையாண்டிருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜயன்ட்ஸ் தன் 17 யார்டு கோட்டிலிருந்து கிளம்பியது. வழியில் ஒரு பந்து பேட்ரியாட்ஸின் அசான்டே சாமுவேலின் விரல்நுனியில் பட்டுப் போனது. அது சிக்கியிருந்தால் கோப்பை அவர்களுடையது. அடுத்தது, மூன்றாவது டவுன், ஐந்து யார்டு தேவை, மீதம் 1 நிமிடம் 15 விநாடி. ஜார்விஸ் கிரீனும் ரிச்சர்ட் சீமோரும் மேனிங்கின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார்கள். துணி முதுகில் நீண்டு இழுபடுகிறது. எப்படியோ உதறிக்கொண்டு பின்னால் ஓடி, நடுவாக உயரே எறிகிறார். டைரி அந்த லீக் முழுவதிலும் நான்கே பந்துகள் பிடித்தவர். டிசம்பரில்தான் தாயைப் பறிகொடுத்திருந்தார். இரு கையாலும் வாங்கிய பந்தை ராட்னி ஹாரிசன் ஓங்கித் தட்ட, இடது கை விலகுகிறது. வலக்கையால் பந்தை ஹெல்மெட்டில் அழுத்தி, ஹாரிசன் கையைப் பிடுங்கப் பிடுங்க, முதுகு வளைய விழுகிறார். பந்து தரையைத் தொடவில்லை. 32 யார்டு. டைரியின் தொழில்முறை வாழ்க்கையில் அவர் பிடித்த கடைசிப் பந்து அது.

அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பிடி ஆட்டத்தின் முடிவையே மாற்றும் அளவுக்கு நிலைமையைக் கொண்டுவந்தது அதற்கு முந்தைய 58 நிமிடங்கள். 589 புள்ளி எடுத்த அணியை 14இல் நிறுத்தியிராவிட்டால் டைரியின் பிடி ஓர் ஆறுதல் காட்சியாகவே மிஞ்சியிருக்கும். அதன்பிறகும் டச்டவுன் தானாக வந்துவிடவில்லை. மூன்றாவது டவுனில் 11 யார்டு தேவைப்பட்டபோது ஸ்டீவ் ஸ்மித் 12 யார்டு எடுத்தார். அடுத்ததில் பேட்ரியாட்ஸ் மேனிங்மேல் ஆட்களைப் பாயவிட்டது. பர்ரஸைக் காக்க எல்லிஸ் ஹாப்ஸ் தனியாளாக நின்றார். 13 யார்டு, 17-14, மீதம் 35 விநாடி.

பேட்ரியாட்ஸுக்குக் கடைசியாக நான்கு முயற்சிகள் கிடைத்தன. முதல் பந்து வீணானது. இரண்டாவதில் ஜே ஆல்ஃபர்ட் என்ற புதுமுக வீரர் நடுவேலியைப் பிளந்துகொண்டு வந்து பிரேடியைச் சாய்த்தார். மூன்றாவதில் பிரேடி பந்தை மைதானத்தின் மறுகோடி நோக்கி மாஸுக்கு எறிந்தார். கோரி வெப்ஸ்டரின் கை இடையில் வந்தது. நான்காவதும் மாஸுக்கேதான். டிசம்பர் 29இல் செய்தது போலவே, அடுத்தடுத்து இரண்டு முறை, அதே நெடும்பந்து. அன்று இரண்டாவது பந்து கையில் வந்து அமர்ந்தது. இன்று அதுவும் புல்லில் விழுந்தது. கடிகாரத்தில் ஒரு விநாடி மீதமிருந்தது; பெலிச்சிக் அதற்குள் மைதானத்தைக் கடந்துபோய் காஃப்லினின் கையைக் குலுக்கிவிட்டு வெளியே நடந்துகொண்டிருந்தார்.